ஈசிஜியில் விழாத நெஞ்சடைப்பு

2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்குள் ஒரு மருத்துவப் பேருந்து வரத் தொடங்கியது. சென்னையில் இயங்கும் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனம் அனுப்பிய வண்டி அது. உள்ளே ஓர் ஆலோசனை அறையும் சிறிய மருந்தகமும் இருந்தன. காணொளித் திரையில் சென்னையிலிருந்தபடியே மனநல மருத்துவர் பேசுவார். பேசி முடித்ததும் மாத்திரையை வண்டியிலேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய நிறுவனம் இப்படி ஒரு வண்டியைக் கட்டியதற்குத் தெளிவான காரணம் இருந்தது. மனச்சிதைவு போன்ற கடும் நோய் உள்ளவர்களில் பலர் தமக்கு நோய் இருப்பதாகவே நினைப்பதில்லை. தாமாக மருத்துவரிடம் வருவதுமில்லை. அப்படியென்றால் மருத்துவம்தான் அவர்கள் வாசலுக்குப் போக வேண்டும்.

இங்கே நான் பேச வருவது அதற்கு நேர்மாறான நோயாளியைப் பற்றி. அவரைத் தேடி எந்த வண்டியும் போக வேண்டியதில்லை, அவரே வந்துவிடுவார். நள்ளிரவில் 108ஐ அழைத்து, நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாகப்போகிறோம் என்ற முடிவோடு வந்து இறங்குவார். ஈசிஜி எடுப்பார்கள்; நார்மல் என்பார்கள். ஒரு ஊசி போட்டு, "ஒண்ணுமில்ல, கேஸ்தான், போயிட்டு வாங்க" என்று அனுப்புவார்கள். பத்து நாள் கழித்து அதே நெஞ்சடைப்பு மறுபடி வரும். அடுத்து அறந்தாங்கியில் ஒரு கிளினிக், பிறகு திருச்சியிலோ தஞ்சாவூரிலோ இதய மருத்துவர், எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோப்பி. நடுவில் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று ஒரு வேப்பிலைக் கொத்து, ஒரு தாயத்து. அத்தனை கதவையும் தட்டுகிறவர் தட்டாமல் விடுவது மனநலப் பிரிவின் கதவை மட்டும்தான். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு நோவது மார்பும் தொண்டையும் விரல் நுனியும்தான்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பீதித் தாக்கு, அதாவது பேனிக் அட்டாக், என்று ஒன்றைச் சொல்வதற்கு 13 அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. நான்கோ அதற்கு மேலோ திடீரெனக் கிளம்பிச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போனால் அது பீதித் தாக்கு. அந்தப் பதின்மூன்றில் எண்ணமும் உணர்வும் சார்ந்தவை மூன்றுதான்: செத்துவிடுவோம் என்ற அச்சம், புத்தி பேதலித்துவிடும் என்ற அச்சம், சுற்றியிருப்பவை நிஜமில்லாததுபோல் தோன்றுதல். மிச்சப் பத்தும் உடம்பு சார்ந்தவை. படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சு முட்டல், தொண்டை அடைப்பு, நெஞ்சு வலி, குமட்டல், கிறுகிறுப்பு, குளிர் அல்லது அனல், மரத்துப்போதல். மனநல மருத்துவரின் கையேடே பதின்மூன்றுக்குப் பத்து என்று உடம்பைப் பற்றிப் பேசும்போது, நோயாளி உடம்பு மருத்துவரிடம் போவதில் வியப்பென்ன?

ஒரு தாக்கு எப்படி நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். 32 வயதுப் பெண் ஒருவர் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிற்க இடமில்லாத கூட்டம், வெயில். முதல் நாள் இரவு சரியான தூக்கமில்லை, காலையில் சாப்பிடவும் இல்லை. திடீரென்று நெஞ்சு ஒரு முறை 'திக்'கென்கிறது. எல்லோருக்கும் அவ்வப்போது வரும், பொருட்படுத்த வேண்டாத ஒரு தப்புத் துடிப்புதான். அவருடைய கவனம் முழுதும் அங்கே திரும்புகிறது. மூளையின் அபாய அறிவிப்பு அமைப்பு விழித்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகின்றன. நாடி 120ஐத் தாண்டுகிறது. தோலின் குழாய்கள் சுருங்கிக் கை சில்லிட, அதே வேளையில் வியர்வைச் சுரப்பிகள் திறந்து ரவிக்கை நனைகிறது. செரிமானம் நின்று இரத்தம் தசைகளுக்குத் திருப்பப்படுவதால் வயிற்றைப் புரட்டுகிறது. ஓடவோ அடிக்கவோ உடம்பு தயாராகிவிட்டது. ஆனால் ஓட இடமில்லை, அடிக்க ஆளில்லை. 1915இல் ஹார்வர்டு உடலியலாளர் வால்டர் கேனன் விரிவாக எழுதிக் காட்டிய ஏற்பாடு இது. தென்னந்தோப்பில் மட்டை விழுந்த சத்தத்துக்குத் திருடன் வந்துவிட்டதாகக் குரைக்கும் நாயைப் போல உடம்பு நடந்துகொள்கிறது. நாய்க்கு ஒரு கேடுமில்லை. அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்கிறது.

அடுத்து வருவது மூச்சு. நோயாளியையும் உடனிருப்பவரையும் ஒருசேர ஏமாற்றுவது இதுதான். காற்று போதவில்லை என்று அவர் வாயால் வேகவேகமாக இழுக்கிறார். உண்மையில் இரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய விரல் கருவியை மாட்டிப் பார்த்தால் 98, 99 என்று காட்டும். குறைவது கரியமிலவாயு. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது, எதிரே இருப்பவர் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் தெரிகிறார். இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதில் தனித்து உலவும் கால்சியம் குறைகிறது. நரம்புகள் எளிதில் துடிக்கும் நிலைக்கு வருகின்றன. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிறது. மூச்சிரைப்பு நீடித்தால் கை கோணிக்கொள்ளும். மணிக்கட்டு உள்நோக்கி மடங்கி, நான்கு விரல்களும் நேராக நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இழுபடும். பிரித்துவிடப் பார்த்தாலும் வராது. பேருந்தில் அதைப் பார்ப்பவர்கள் வலிப்பு என்று முடிவு கட்டி இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். அதே கை ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் கோணினால் அதற்கு வேறு பொருள் சொல்லப்படும். வலிப்பில் பெரும்பாலும் நினைவு தப்பும். இங்கே அவர் விழித்திருப்பார், பேசுவார், அழுவார். மூச்சு நிதானத்துக்கு வந்த சில நிமிடங்களில் விரல்கள் தாமாகவே விரியும்.

வேகமாக மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகள் களைத்து வலிக்கின்றன. நெஞ்சு வலிக்கு அது ஒரு காரணம். ஆக, அவர் சொல்லும் ஒவ்வொரு உபாதைக்கும் உடம்பில் ஓர் இயக்கம் இருக்கிறது. எதையும் அவர் கற்பனை செய்யவில்லை. "ஒண்ணுமில்ல" என்ற மருத்துவமனைச் சொல் இதனால்தான் பொய்யாகிறது. ஈசிஜி சொல்வது இதயத்தில் அடைப்புக்கான அடையாளம் தெரியவில்லை என்பதை மட்டும்தான். அதை நோயாளி எப்படி எடுத்துக்கொள்கிறார்? இவ்வளவு நடந்தும் ஒன்றுமில்லை என்கிறார்கள் என்றால் கண்டுபிடிக்கவே முடியாத ஏதோ ஒன்று எனக்கு இருக்கிறது என்று. அந்த எண்ணத்தோடு வீட்டுக்குப் போகிறவர் நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கத் தொடங்குகிறார். தொட்டுப் பார்க்கப் பார்க்க அது துள்ளுகிறது. ஆக்ஸ்போர்டில் டேவிட் கிளார்க் 1986இல் வரைந்து காட்டிய சுழல் இதுவே: உடம்பில் ஓர் உணர்வு, அதற்கு அபாயம் என்று ஒரு விளக்கம், விளக்கத்தால் அச்சம், அச்சத்தால் மேலும் உடல் உணர்வு.

இந்த நோயோடு தவறான கதவைத் தட்டுவதற்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு படபடப்பும் மூச்சு வாங்கலும் மார்வலியுமாக வந்த படைவீரர்கள் 300 பேரை ஆராய்ந்து, ஃபிலடெல்பியா மருத்துவர் ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா 1871இல் எழுதினார். இதயத்தில் ஊனம் ஏதும் பெரும்பாலோரிடம் தென்படவில்லை. ஆனாலும் அவர் அதை இதய நோயாகவே பெயரிட்டார். முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் தாமஸ் லூயிஸ் அதே நோயைப் 'படைவீரர் இதயம்' என்றார். இரண்டுக்கும் நடுவே, 1895இல், சிக்மண்ட் ஃப்ராய்டு பதற்ற நோயைத் தனியாகப் பிரித்து எழுதியபோது இதயம், மூச்சு, வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி என்று உடம்பின் வழியாகவே அதை விவரித்திருந்தார். ஆனால் இதய மருத்துவர்களும் மனமருத்துவர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கும் வழக்கம் அன்று இல்லை. இன்றும் அவ்வளவாக இல்லை என்றே படுகிறது.

1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் டொனால்ட் க்ளைன் ஒன்றைக் கவனித்தார். செத்துவிடுவேன் என்று நாளுக்குப் பலமுறை செவிலியர் மேசைக்கு ஓடிவந்த நோயாளிகள், இமிப்ரமின் என்ற மருந்தைச் சில வாரம் சாப்பிட்டதும் ஓடிவருவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். பொதுவான கவலை அப்படியே இருந்தது. திடீர்த் தாக்குகள் மட்டும் நின்றிருந்தன. இரண்டும் வேறு என்ற எண்ணம் அங்கே முளைத்து, 1980இல் கையேட்டில் தனி நோயாக ஏறியது. மாற்றத்தை முதலில் பார்த்தது மேசையில் இருந்த செவிலியர்கள் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு வியப்பானது. மூளையில் அச்சத்தின் இருப்பிடம் என்று கருதப்படும் அமிக்டலா இருபுறமும் சிதைந்துபோன மூன்று பேருக்கு, 35 விழுக்காடு கரியமிலவாயு கலந்த காற்றை ஒரு மூச்சு கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பெண் பாம்பைக் கண்டும் பயப்படாதவர். மூன்று பேருமே பீதியில் துடித்தார்கள். அச்சத்தின் வாசல் என்று நினைத்த பகுதி இல்லாமலேயே, மூச்சு சார்ந்த அபாயமணி தனியாக அடிக்கும் என்றால், "மனதைத் திடமாக வைத்துக்கொள்" என்ற அறிவுரையின் வரம்பு எவ்வளவு என்று யோசிக்கலாம்.

நோயை அடையாளம் காணத் தவறுவது சிற்றூர் ஆஸ்பத்திரிகளின் குறை என்று யாரும் எண்ண வேண்டாம். கனடாவின் மாண்ட்ரியல் இதய நிறுவனத்தில் நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 441 பேரை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். அவர்களில் நான்கில் ஒருவருக்குப் பீதி நோய் இருந்தது. அதில் 98 விழுக்காட்டினரை அங்கிருந்த இதய மருத்துவர்கள் கண்டுகொள்ளவில்லை. அதே ஆய்வில் மறுபக்கமும் உண்டு. பீதி நோய் இருந்தவர்களில் கணிசமானோருக்கு இதய நோயும் இருந்தது. ஒன்று இருந்தால் மற்றது இராது என்பதில்லை.

இதனால்தான் வார இதழ்களில் வரும் 'மாரடைப்பா, பதற்றமா: கண்டுபிடிக்க எளிய வழி' அட்டவணைகள் எனக்குப் பிடிப்பதில்லை. குத்துவது போலிருந்தால் பதற்றம், அழுத்துவது போலிருந்தால் மாரடைப்பு என்று எழுதுகிறார்கள். சராசரியில் அது சரியாக இருக்கலாம். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் வியர்வையாகவும் வரலாம். பெண்களுக்குக் குமட்டலும் சோர்வுமாகவும் வரலாம். முதல் தடவை நெஞ்சடைப்பு வந்தவர், அதிலும் நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ புகைப்பழக்கமோ உள்ளவர், நடந்தாலும் படி ஏறினாலும் வலி கூடுகிறவர், வீட்டில் உட்கார்ந்து அட்டவணையைப் பார்க்கக் கூடாது, புறப்பட்டுவிட வேண்டும். 2023இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். மணமேல்குடியிலிருந்தோ ஆவுடையார்கோவிலிலிருந்தோ நகரத்து மருத்துவமனை வரும்வரை காத்திராமல் பக்கத்திலேயே முதல் வேளை கிடைக்கும். முதல் ஈசிஜி நார்மலாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுப்பதும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனினை இரத்தத்தில் பார்ப்பதும் முறை.

பதற்றம் என்று முத்திரை குத்துமுன் தள்ளிவிட வேண்டியவை வேறு சிலவும் உண்டு. தைராய்டு மிகைச் சுரப்பில் படபடப்பு, நடுக்கம், வியர்வை மூன்றும் வரும். கூடவே சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். இரத்தசோகையிலும் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். 2019-21இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் பார்க்காமல் ஒரு பெண்ணைப் 'பயந்த சுபாவம்' என்பது அநியாயம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாதவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் இதே காட்சிதான். சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று நிற்கும், எண்ண முடியாத வேகத் துடிப்பு என்றால் அது இதய மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். இழுப்புக்கான சால்பியூட்டமால், குடியைத் திடீரென விட்ட இரண்டு மூன்று நாள், கணக்கில்லாத காபி என்று இன்னும் உண்டு.

இவையெல்லாம் விலகிய பிறகு, திடீரென வரும் தாக்கைக் காட்டுவது அதன் வடிவம்தான். பத்து நிமிடத்தில் உச்சம், அரை மணிக்குள் பெரும்பாலும் தணிவு, பிறகு அடித்துப் போட்டதுபோல் அசதி. தூக்கத்திலிருந்து எழுப்பியும் வரும். மெல்ல அரிக்கும் பொதுவான பதற்றம் வேறு மாதிரி. அதற்கு உச்சமும் இல்லை, தணிவும் இல்லை. பிடரி இறுக்கம், வயிறு உப்புசம், அடிக்கடி சிறுநீர், உறக்கமின்மை, உடம்பெல்லாம் எரிச்சல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். கிராமத்து வெளிநோயாளி வரிசையில் 'உடம்பு வலி' என்று நிற்பவர்களில் இவர்கள் கலந்திருப்பார்கள்.

இதைவிடக் கூர்மையான ஓர் அடையாளம் தாக்குகளுக்கு நடுவே தெரியும். பேருந்தில் வந்தது, எனவே பேருந்து வேண்டாம். சந்தையில் வந்தது, எனவே சந்தை வேண்டாம். தனியாக இருக்கையில் வந்தது, எனவே யாராவது கூட வேண்டும். போய்வரும் எல்லை மாதத்துக்கு மாதம் சுருங்கும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கமும் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து பல்லாயிரம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றிய மாவட்டம் புதுக்கோட்டை. யார் துணையும் இல்லாமல் தெருவைத் தாண்டிப் போவது இங்கே ஒரு தலைமுறை பெற்ற சொத்து. அந்தத் தலைமுறையில் ஒருவர் திடீரென்று "மக வந்தாத்தான் ஆசுபத்திரிக்குப் போவேன்" என்று சொல்ல ஆரம்பித்தால், முட்டி வலி மட்டுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

தூண்டுவது எதுவாகவும் இருக்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கத்துத் தென்னைகளையும் பலாமரங்களையும் சாய்த்துப் போட்டது. பல ஊர்களில் நாள்கணக்காக மின்சாரமில்லை. அந்த இரவை வீட்டுக்குள் இருந்து கேட்ட உடம்புக்கு, ஐப்பசி கார்த்திகையில் காற்றின் இரைச்சல் கூடினாலே நாடி துள்ளுமென்றால் அது கோழைத்தனமில்லை. ஆபத்தோடு சேர்ந்து கேட்ட ஒலியை உடம்பு பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

தாக்கின்போது பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது கொஞ்சமே. கூட்டத்தை விலக்கி உட்காரவைத்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடும்படி கூடவே விட்டுக் காட்டலாம். சினிமாவில் வருவதுபோல் காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்லக் கூடாது. வந்திருப்பது மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் அந்தப் பை ஆக்ஸிஜனைக் குறைத்து உயிரையே எடுத்துவிடக்கூடும். இந்த ஆபத்தை 1989லேயே எழுதிவிட்டார்கள், பழக்கம்தான் போகவில்லை.

சிகிச்சையில் மருத்துவர் நோயாளியிடம் வேண்டுமென்றே ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்வார். சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வார். உறிஞ்சுகுழல் வழியே மூச்சிழுக்கச் சொல்வார். கிறுகிறுப்பும் படபடப்பும் வரும், போகும், சாவு வராது என்பதை உடம்பே கற்றுக்கொள்ளும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் வகை மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் ஆல்பிரசோலத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏராளம். அரை மணியில் அடங்கும், அடிமையாக்கவும் செய்யும். 2014 முதல் அது சீட்டும் பதிவேடும் இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இருக்கிறது. சட்டம் அப்படி, தெருமுனை மெடிக்கல் எப்படி என்பது ஊரறிந்தது.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோய்களுக்குச் சிகிச்சை பெறாதவர்கள் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 விழுக்காடு என்றது. புதுக்கோட்டையின் வசதிகள் பழைய நிலையில் இல்லை என்பதும் உண்மை. மாவட்ட மனநலத் திட்டத்துக்கு 1996-97இல் நாட்டிலேயே முதலில் எடுத்த நான்கு மாவட்டங்களில் ஒன்று பக்கத்துத் திருச்சி; பின்னர் அது இங்கும் வந்தது. 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். கதவுகள் இருக்கின்றன. உள்ளே வரவேண்டியவர் இன்னும் ஈசிஜி அறை வாசலில்தான் நிற்கிறார்.

அவரை முதலில் பார்க்கப் போகிறவர் மனநல மருத்துவராக இருக்க வாய்ப்பில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் இரத்த அழுத்தக் கருவியோடு வீடு வீடாகப் போகும் பெண்ணாகத்தான் இருப்பார். தாக்கு நடக்கும் வேளையில் கருவியைச் சுற்றினால் 160க்கு 100 என்று காட்டலாம். அன்றே 'பிரஷர்காரர்' என்று எழுதிவிட்டால் இன்னொரு தவறான கதவு திறக்கும். உட்காரவைத்து அரை மணி கழித்தும், வேறு நாள்களிலும் அளக்க வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதற்றத்தையும் மனச்சோர்வையும் கவனித்துக்கொள்ள முடியுமா என்று கோவாவில் விக்ரம் படேல் குழு சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டது. அரசு நிலையங்களில் பலன் தெரிந்தது; தனியார் கிளினிக்குகளில் அவ்வளவு வித்தியாசமில்லை. கோவா ஆலோசகர்கள் செய்ததில் புரியாத வித்தை எதுவுமில்லை. உடம்பில் நடப்பதை விளக்கிச் சொன்னார்கள், தொடர்ந்து வரவழைத்தார்கள். இங்கேயும் அந்தப் பெண் கருவியை மடித்து வைக்கும்போது இரண்டு கேள்வி கேட்டால் போதும்: "இது மாதிரி இதுக்கு முன்னாடியும் வந்துருக்காக்கா? அது வந்ததுலேர்ந்து எங்கயாவது போறத விட்டுட்டீங்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால், ஈசிஜியும் ஹீமோகுளோபினும் தைராய்டும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்றால், அடுத்த சீட்டு மனநலப் பிரிவுக்கு.